ஏழாம் நம்பர் ரைபிளின் கறுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். கிராணிமார், அதாவது தோட்டத்துக் கணக்கர்கள், உட்கார்ந்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதிய ஆபீஸ் கட்டடத்தை, அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவுக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பால் வாளி, உளி, காலையில் பெயர் கூப்பிட அடித்த பிரட்டு மணி, லயத்து வீடுகளின் பழைய படங்கள் என்று நிறைய சேர்ந்திருந்தன. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு ராணுவ ரைபிள். சுட முடியாதபடி வெல்டு வைத்து அடைத்து, காவல்துறையின் எழுத்துபூர்வ அனுமதியோடு வந்தது. பெட்டி மேல் ஒட்டியிருந்த அட்டையில் இப்படி எழுதியிருந்தது: '1948 ஜூன், நம் தோட்டத்தைக் காத்த துப்பாக்கி.'

என்னைக் கூப்பிட்டது அந்த அட்டைக்காக இல்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் ரைபிளைப் பளபளவென்று ஆக்க வேண்டுமாம். 'அண்ணே, மேலே யாரோ கறுப்பு பெயிண்ட் அடிச்சி வச்சிருக்காங்க. அத எடுத்துட்டு பஃப் போட்டா கண்ணாடி மாதிரி வந்துரும்' என்றார் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரு தம்பி. ஈப்போவில் உலோகப் பூச்சுத் தொழிலில், பாஸ்பேட் தொட்டிப் பக்கத்திலேயே என் வேலைக்காலம் கழிந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் பூச்சையும் முத்திரைகளையும் பற்றிப் படிப்பது என் பல ஆண்டுப் பழக்கம். நம் நாட்டில் அவற்றைச் சேர்த்து வைக்க முடியாது, சேர்க்கவும் கூடாது. ஆயுதச் சட்டம் 1960, துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனைகள்) சட்டம் 1971 இரண்டும் விளையாட்டு இல்லை. உங்கள் தோட்டத்தில் பழைய துப்பாக்கி எதுவும் மண்ணிலிருந்து கிளம்பினால் கையில் எடுக்காதீர்கள், படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதீர்கள், நேரே போலீசுக்குச் சொல்லுங்கள். இந்த ரைபிளை நான் தொட்டதே அனுமதிக் கடிதம் மேசை மேல் இருக்க, குழுவினர் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கத்தான்.

பஃப் வேலை கொஞ்சம் நடந்தும் விட்டிருந்தது. குழல் முனையில் நாலு விரல் அகலத்துக்கு 'சாம்பிள்' பார்த்திருந்தார்கள். மணல் காகிதம் போட்டுத் தேய்த்து, மெருகும் ஏற்றியிருந்தார்கள். இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வெள்ளை இரும்பில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே செந்துருவாகப் பதிந்திருந்தது. வளையம் வளையமாக எண்ணிப் பார்க்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சு இல்லாத இரும்பின் கதி அதுதான்.

எது எதன் மேல் இருக்கிறது

முதலில் இது என்ன ரைபிள் என்ற கேள்வி. ஜப்பான்காரன் விட்டுவிட்டுப் போனது என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அதைத் தீர்க்க ஒரு நிமிடம் போதும். ஜப்பானிய அரிசாக்கா ரைபிளில் ரிசீவரின், அதாவது தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட் ஓடும் நடு இரும்புக் கூட்டின், தலைப்பகுதியில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ இருக்கும், அல்லது அதைச் சுரண்டிய தழும்பு இருக்கும். பக்கத்தில் 'முப்பத்தெட்டாம் வகை', 'தொண்ணூற்றொன்பதாம் வகை' என்று அவர்கள் எழுத்தில் வெட்டியிருக்கும். இதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. ரிசீவரின் பின்புறம் நிமிர்த்திப் பார்க்கும் ஏணிக் குறி, 1300 கெஜம் வரை கோடுகள், முனையில் லேசாக வெளியே நீட்டியிருக்கும் குழல். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு, நம்பர் 4.

கட்டை வந்து செருகும் இரும்புப் பகுதியைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அதன் இடப்புறத்தில் அம்பு முத்திரை, அதாவது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான மூன்று கோட்டு அம்பு. பக்கத்தில் 'எம் 47 சி', அதன் கீழே 1943. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் ஏதோ மாடல் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். போர்க்காலத்தில் எந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பெயருக்குப் பதிலாகக் குறியீடு போட்டார்கள். வடக்குக்கு என், நடுப்பகுதிக்கு எம், தெற்குக்கு எஸ். எம் 47 சி என்றால் பர்மிங்காம் பக்கத்து ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனத்தின் தொழிற்சாலை. அமெரிக்காவில் சாவேஜ் செய்த நம்பர் 4 ஆக இருந்தால் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று குத்தியிருக்கும். இதில் அது இல்லை.

சரி, 1943இல் பி.எஸ்.ஏ.வில் செய்தது. அப்படியானால் இந்தக் கறுப்பு 1943இன் கறுப்பா?

இங்கேதான் நிதானம் வேண்டும். இரும்பைக் கறுப்பாக்க வழிகள் பல, ஒவ்வொன்றும் கண்ணுக்கு ஒவ்வொரு மாதிரி நிற்கும். பழைய துருக் கறுப்பு முறையில் இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, கொதிக்கும் நீரில் போடுவார்கள். செந்துரு கருந்துருவாக மாறும். அதைச் சீவிவிட்டு மறுபடியும் அதையே செய்வார்கள். எண்ணெய்க் கறுப்பில் சூடான இரும்பு எண்ணெயில் இறங்கும். இந்த இரண்டிலும் பூச்சு என்று தனியாக ஒரு படலம் எழும்பி நிற்காது. இரும்பின் தோலே நிறம் மாறினது போல, அடியில் அரம் ஓடிய கோடுகூடத் தெரியும்படி இருக்கும். பாஸ்பேட் வேறு ஜாதி. முதலில் மணல் வீசி இரும்பைச் சொரசொரப்பாக்கி, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் அமிலக் கரைசலில் இறக்குவார்கள். இரும்பின் மேல்தோல் சற்றுக் கரைந்து, அந்த இடத்தில் துத்தநாக அல்லது மாங்கனீசு பாஸ்பேட் பளிங்குகள் முளைக்கும். வெளியே எடுத்தால் சாம்பல் நிறம், மங்கல், விரலால் தடவினால் சுண்ணாம்புச் சுவர் போல ஒரு பிடிப்பு. எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், பெயிண்டையும் விடாமல் பிடிக்கும். போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் இந்தப் பாஸ்பேட் மேல் கறுப்பு பெயிண்ட் தெளித்து, அடுப்பில் சுட்டு இறுக்கியது. சன்கோரைட் என்று அதைச் சொல்வார்கள். 'பெயிண்ட் அடித்திருக்கிறது, ஆகவே அசல் இல்லை' என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ராணுவமே அடித்த பெயிண்ட் அது.

இந்த ரைபிளில் படலங்களைப் பார்க்க எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. சுட முடியாமல் அடைக்க வெல்டு வைத்த இடத்தின் ஓரத்தில் சூடு பட்டுப் பூச்சு உதிர்ந்திருந்தது. உதிர்ந்த விளிம்பைப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வாழைத்தண்டை வெட்டின மாதிரி அடுக்கு தெளிவாக இருந்தது. அடியில் சாம்பல் நிறப் பனி போல மங்கலான ஒரு தளம், பாஸ்பேட். அதன் மேல் மெல்லிய, பட்டுப்போன்ற, பளபளப்பு குறைந்த கறுப்பு. அதற்கும் மேலே தடித்த, கண்ணாடி மாதிரி மின்னும் இன்னொரு கறுப்பு. அந்த மேல் கறுப்பில் தூரிகை ஓடிய கோடுகள் இருந்தன. ஒரு தூரிகை மயிரும் அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஹார்ட்வேர் கடை எனாமல்தான். தோட்டத்திலேயே யாரோ பிற்காலத்தில் கையால் அடித்தது.

அடுத்து முத்திரைகளுக்கும் படலங்களுக்கும் உள்ள உறவு. முத்திரை முந்தியா, பூச்சு முந்தியா என்று பார்த்தால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். பூச்சுக்குப் பிறகு குத்திய முத்திரையின் அடியில் வெறும் இரும்போ துருவோ தெரியும், விளிம்பில் பூச்சு உடைந்திருக்கும். பூச்சுக்கு முன்பே இருந்த முத்திரையின் பள்ளத்துக்குள் பூச்சு இறங்கியிருக்கும். இந்த 'எம் 47 சி'யின் பள்ளத்துக்குள் அந்தச் சாம்பல் பனி முழுக்க இருந்தது. எழுத்தின் விளிம்புகளும் கூர்மை போய், மணல் பட்டு மழுங்கின மாதிரி. ஆக, 1943இல் முத்திரை குத்தி ஒரு கறுப்பு கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எப்போதோ அதை முழுக்க மணல் வீசி உரித்துவிட்டுப் பாஸ்பேட்டும் சூளைப் பெயிண்டும் ஏற்றியிருக்கிறார்கள். எப்போது, எங்கே?

இடப்பக்கச் சுவர்

அதற்கான பதில் ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் இருந்தது. நேராகப் பார்த்தால் வெறும் கறுப்புச் சமதளம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு படுக்கவைத்து ஒளியைப் பக்கவாட்டில் ஓட விட்டேன். தலைகீழாக, பின்பு நேராக, கையெழுத்து மாதிரி கிறுக்கல்கள் எழும்பின. மின்சாரப் பேனாவால் எழுதியவை. குத்து முத்திரை ஆழமாக இறங்கும், இது இரும்பின் தோலைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டுக்கொண்டு ஓடும், ஆழமே இருக்காது. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க அரைமணி நேரம் ஆனது: 'நம்பர் 4 மார்க் 1/2 (எஃப்) எஃப்.டி.ஆர்.' கடைசியில் ஒரு மாதமும் ஆண்டும், 11/50.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'பஃப் சக்கரம் இந்தப் பக்கம் ஒரு தடவை போயிருந்தால் இது போயிருக்கும்' என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போய் பஃப் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

எஃப் என்பது லிவர்பூல் பக்கத்து ஃபசாகர்லி அரசுத் தொழிற்சாலை. எஃப்.டி.ஆர். என்றால் தொழிற்சாலையில் முழுப் பழுதுபார்ப்பு. துப்பாக்கியை ஆணி ஆணியாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, புதுப்பூச்சு கொடுத்துத் திரும்பவும் சேவைக்கு அனுப்புவது. 'மார்க் 1/2' என்பதுதான் இதில் பேசும் எழுத்து. பழைய மார்க் 1இல் ட்ரிக்கர், அடியில் இருக்கும் வளைவுக் காப்பில் தொங்கும். கட்டை ஈரத்தில் ஊதினாலும் வெயிலில் சுருங்கினாலும் அந்தக் காப்பு அசையும், ட்ரிக்கரின் இழுவை மாறிப்போகும். அதனால் 1949இல் வந்த மார்க் 2இல் ட்ரிக்கரை நேராக ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள். பழைய மார்க் 1ஐ அந்த முறைக்கு மாற்றினால் அதன் பெயர் மார்க் 1/2. எழுத்தை மட்டும் நம்பாமல் அடியில் திருப்பிப் பார்த்தேன். ட்ரிக்கர் காப்பில் ட்ரிக்கரைக் கோத்துப் பிடிக்கும் ஊசி இல்லை. எழுத்தும் இரும்பும் ஒன்றையே சொல்லின.

போல்ட்டையும் பார்த்தேன். அதன் கைப்பிடி அடியில் இருக்கும் வரிசை எண்ணும் கழுத்தில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போயின. எண்ணை இங்கே எழுதவில்லை, அது அனுமதிக் கடிதத்தோடு இருக்கட்டும். போல்ட் தலையில் தனியாக ஒரு '2' இருந்தது. அதை ரகசியக் குறி என்று குழுவில் ஒருவர் குறித்து வைத்திருந்தார். நம்பர் 4க்கு போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நீள வாரியாக வரும். தோட்டா உட்காரும் இடைவெளியைச் சரியாக்க எந்தத் தலை பொருந்துகிறதோ அதைப் போடுவார்கள். அவ்வளவுதான் அந்த எண்.

ஆக, இப்போது அட்டைக்கு வருவோம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் கொல்லப்பட்டதும், இரண்டு நாளில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் நாடு முழுக்க அமலானதும் இந்த ஊர்க்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த ரைபிள் 1950 நவம்பரில் லிவர்பூலில் பட்டறை மேசை மேல் கிடந்திருக்கிறது. இன்றைக்கு நாம் பார்க்கும் இந்த உருவத்தில் 1948 ஜூனில் இது இந்தத் தோட்டத்தில் இருந்திருக்க முடியாது.

என் கை செய்த பிழை

இதை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமையாகாது.

மேல் எனாமல் தோட்டத்தில் அடித்ததுதானா என்று உறுதிப்படுத்த ஒரு சிறு சோதனை செய்வது வழக்கம். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தின்னர் தொட்டு, கண்ணில் படாத ஓரத்தில் வைத்து உருட்டுவது. ஹார்ட்வேர் எனாமல் இளகிப் பஞ்சில் கறுப்பாக ஏறும். அடுப்பில் சுட்ட பெயிண்ட் அதற்கு அசையாது. நான் கழுத்தின் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். இடப்பக்கத்தில் முத்திரைகள் இருக்கின்றன, வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பது என் கணக்கு. இடப்பக்கத்துக்குப் போட்ட பக்கவாட்டு டார்ச் ஒளியை வலப்பக்கத்துக்குப் போடவில்லை. அவசரம்.

பஞ்சில் கறுப்பு ஏறியது. இரண்டாம் உருட்டலில் வெள்ளை ஏறியது.

கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தேன். எனாமலுக்கு அடியில், சூளைக் கறுப்பின் மேல், தூரிகையால் எழுதிய ஒரு எண்ணின் மேடு சாய்வாக ஓடிக்கொண்டிருந்தது. சாய்ந்த கால் மட்டும் இருந்தது. தலைப்பகுதி என் பஞ்சில் இருந்தது. அது ஒன்றா, ஏழா, வேறு எதுவுமா என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாத நிலைக்கு நான் கொண்டுவந்துவிட்டேன். தொழிற்சாலைப் பூச்சைக் காப்பாற்ற வந்தவன், தோட்டம் தன் கையால் எழுதி வைத்திருந்த ஒரே எழுத்தைத் துடைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பழக்கம். எதையும் தொடுவதற்கு முன்பு எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுவேன். வலப்பக்கப் படம் ஒன்று ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது எடுத்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்ததில், எனாமலுக்கு அடியில் மேலே ஒரு படுக்கைக் கோடு மயிரிழையாகத் தெரிந்தது. ஏழு.

பெரியம்மா சொன்னது

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தது, அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டிய எண்பத்து நாலு வயதுப் பெரியம்மாவை. அவருடைய அப்பா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக, அதாவது தோட்டத்தைக் காவல் காத்த துணைப் போலீசாக, இருந்தவர். ஊரில் எஸ்.சி. என்பார்கள். எண்ணைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. 'பெரியம்மா, உங்கப்பா துப்பாக்கி ஞாபகம் இருக்கா?' என்று மட்டும் கேட்டேன்.

'இல்லாம என்ன தம்பி. ஏழாம் நம்பரு. சாயங்காலம் படிக்கட்டுல உக்காந்து எண்ணெத் துணி போட்டுத் தொடைப்பாரு. வெள்ளையில ஏழு எழுதியிருக்கும். கிட்ட போனா அடி விழும்.'

'எந்த வருசம் அது?'

'வருசம் எனக்கெங்க தெரியும். வேலி போட்டாங்கல்ல, முள்ளுக்கம்பி, அதுக்கப்புறந்தான் அப்பாவுக்குத் துப்பாக்கி. கேட்டுல எங்க அம்மா சோத்து டப்பாவத் தொறந்து காட்டிட்டுத்தான் வெளிய போவாங்க. அரிசி ஒரு மணி கொண்டுபோகக்கூடாது.'

வேலி. காட்டிலிருந்த கெரில்லாக்களை மக்களிடமிருந்து பிரிக்க பிரிட்டிஷார் போட்ட பிரிக்ஸ் திட்டம் 1950இல் தொடங்கியது. புதுக்கிராமங்கள் எழும்பியதும், தோட்ட லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்ததும், காட்டுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க கேட்டில் சோதனை நடந்ததும் அதற்குப் பிறகுதான். 1950 நவம்பரில் லிவர்பூலில் கறுப்பு ஏறிய ஒரு ரைபிள், அதன் பிறகு இங்கே வந்து, அந்தக் கறுப்பின் மேல் வெள்ளையில் ஏழு வாங்கிக்கொண்டது என்பதோடு பெரியம்மாவின் கணக்கு ஒரு நூல் பிசகாமல் உட்காருகிறது. 1948 என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது அட்டை எழுதினவர்கள் சேர்த்தது. சுங்கை சிப்புட், அவசரகாலம் என்றாலே வாயில் 1948 வந்துவிடுகிறது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

குழுவில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. 1948 என்றால் எல்லாருக்கும் தெரியும், 1951 என்று போட்டால் யார் நின்று பார்ப்பார்கள் என்றார் ஒருவர். நான் அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பெரியம்மா பேசியதை அவர் வாயாலேயே கேட்க வைத்தேன். அப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை.

இப்போது உள்ள நிலை

மேல் எனாமலை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்கு அடியில் ஏழின் கால் இருக்கிறது. அந்த எனாமலும் எஸ்.சி. காலம் போன பிறகு தோட்டத்து ஆள் ஒருவர் துருவிலிருந்து காப்பாற்ற அடித்தது, அதுவும் தோட்டத்தின் கதைதான். குழல் முனையில் வெள்ளையாக்கிய இடத்துக்கு, துருவை மெல்ல எடுத்துவிட்டு நிறமில்லாத மெழுகு பூசினேன். அங்கே புதிதாகக் கறுப்பு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினால் பத்து வருடம் கழித்து வரும் ஒருவர் அதையும் பழசென்று நினைத்துவிடுவார். எது நாம் செய்த சேதம் என்று தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டு வைத்தோம், மாதம் ஒரு முறை மாற்றுகிறார்கள்.

பழைய அட்டை போய்விட்டது. புதியதில்: 'லீ-என்ஃபீல்டு நம்பர் 4. பி.எஸ்.ஏ., ஷெர்லி, 1943. ஃபசாகர்லியில் மறுசீரமைப்பு, நவம்பர் 1950. பின்னர் இத்தோட்டத்தின் வேலிக்குள், ஏழாம் நம்பர்.' பெட்டியின் விளக்கை மேலிருந்து எடுத்து, வலப்பக்கத்தில் தாழ்வாகப் பொருத்தியிருக்கிறோம். அங்கே நின்று சற்றுக் குனிந்தால் எனாமலுக்கு அடியில் ஏழின் கால் மேடாகத் தெரியும். அதன் தலை, கறுப்பும் வெள்ளையும் கலந்து காய்ந்த ஒரு பஞ்சுக் குச்சியாக, பக்கத்திலேயே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.